புறக்கடையில் புதிய கோழியினம்: ஏற்பதும் மறுப்பதும் எதனால்?

2019 ஆம் ஆண்டின் 20 ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் உள்ள கோழியினப் பறவைகளின் எண்ணிக்கை 85 கோடி. இவற்றுள் 31 கோடியே 70 இலட்சம் பறவைகள் பெரும் பண்ணைகளைச் சேர்ந்தவை அல்ல. வீடுகளின் புறக்கடையில் வளர்பவை. 2012 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்போடு ஒப்பிட்டால் புறக்கடைக் கோழிகள் ஏறத்தாழ 46 சதவீதம் பெருகியுள்ளன. அதே காலத்தில் பண்ணைக் கோழிகளின் பெருக்கம் 5 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. நாமக்கல் வட்டாரத்தில் கூண்டுப் பண்ணைகள் பெருகியபோது, இனி முற்றத்துக் கோழிக்கு வேலை இராது என்று எண்ணியவர் பலர். அந்த எண்ணம் பலிக்கவில்லை.

புறக்கடையில் இன்று நாட்டுக்கோழி மட்டும் மேய்வதில்லை. ஆராய்ச்சி நிலையங்கள் கிராமத்து முற்றத்திற்கென்றே உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா, கிரிராஜா, நந்தனம் கோழி முதலிய இனங்களும் மேய்கின்றன. ஆனால் இவை எல்லா ஊரிலும் ஒரேபோல் நிலைக்கவில்லை. ஓர் ஊரில் பத்து வீடுகளில் புதிய இனம் இருக்கிறது; இரண்டு கல் தொலைவில் உள்ள அடுத்த ஊரில் ஒரே ஆண்டில் சுவடு தெரியாமல் மறைந்து விடுகிறது. இனம் ஒன்றே, வழங்கிய திட்டம் ஒன்றே, மழையும் வெயிலும் ஒன்றே. பின் ஏன் இந்த வேறுபாடு?

ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை இடும் கோழி இருந்த இடத்தில் 110 முட்டையோ 150 முட்டையோ இடும் கோழியைக் கொடுத்தால் வேண்டாம் என்பார் உண்டா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம் என்றவர்களை 'விவரம் தெரியாதவர்கள்' என்று குறிப்பெழுதி விடுவதும் உண்டு. இது சரியான முடிவு அல்ல. சிறு விவசாயக் குடும்பம் புதிய கோழியை ஏற்பதற்கும் மறுப்பதற்கும் கணக்கு உண்டு. அந்தக் கணக்கில் முட்டை எண்ணிக்கை ஓர் இனம் மட்டுமே. அதுவும் முதல் இனம் அன்று.

பழைய கோழியின் வரவு செலவு

புதிய கோழியை எடை போடும் குடும்பம், துண்டுப் பிரசுரத்தில் உள்ள எண்களோடு அதனை ஒப்பிடுவதில்லை. தன் முற்றத்தில் ஏற்கெனவே நிற்கும் கோழியோடுதான் ஒப்பிடுகிறது. ஆகவே நாட்டுக்கோழியின் கணக்கை முதலில் பார்த்தல் வேண்டும்.

சிறுவிடைக் கோழி ஓர் ஈட்டில் 12 முதல் 15 முட்டைகள் இட்டதும் அடைக்கு அமர்கிறது. 21 நாள் அடைகாக்கிறது. குஞ்சு பொரித்தபின் ஆறு முதல் எட்டு வாரம் அவற்றைக் கூட்டிக்கொண்டு திரிகிறது. அதுவரை மறு ஈடு இல்லை. அடை வைக்காமல் தெளிய வைத்துவிட்டால் ஈடு சற்று முந்தும். இவ்வாறு ஆண்டுக்கு நான்கு, ஐந்து ஈடு ஈனும்.

அடை வைத்த முட்டை 12 என்று கொள்வோம். கூமுட்டை போக 9 அல்லது 10 பொரிக்கும். பருந்தும் காகமும் கொத்திப் போனவை, கீரியும் காட்டுப்பூனையும் பிடித்தவை, மழையில் நனைந்து விறைத்தவை, வெள்ளைக்கழிச்சலும் அம்மையும் கொண்டவை எல்லாம் கழித்தால், விற்கும் பருவத்திற்கு வந்து சேர்பவை மூன்று அல்லது நான்கு. நோய் கடுமையான ஆண்டில் அதுவும் இராது.

வரவு மிகக் குறைவு என்பதில் ஐயம் இல்லை. செலவுப் பக்கத்தைப் பார்த்தால் படம் மாறும். குஞ்சுக்கு விலை கொடுக்கவில்லை. பொரிப்பானுக்கும் விளக்குச் சூட்டுக்கும் செலவில்லை. களத்தில் சிந்திய கம்பும் சோளமும், அரிசி புடைக்கும்போது விழும் நொய்யும், குப்பைமேட்டுப் புழுவும் கரையானுமே தீவனம். தாய்க்கோழியே பொரிப்பான், அதுவே காவல், மேய்ச்சல் கற்றுக் கொடுப்பதும் அதுவே. எட்டுக் குஞ்சு செத்தாலும் கைப்பணம் போகவில்லை. வரவு குறைவாயினும் நட்டப்பட வழியில்லாத வளர்ப்பு இது.

விலை கொடுத்து வாங்கிய குஞ்சு செத்தால் கதை வேறு. போனது ரொக்கம். அரை ஏக்கர் மானாவாரி நிலத்தோடு கூலிக்கும் போகும் குடும்பத்தில், அந்த ரொக்கம் மளிகைக் கடைக்கோ பள்ளிக்கூடச் செலவுக்கோ எடுத்து வைத்ததாக இருக்கும். 'எத்தனை முட்டை இடும்?' என்பதற்கு முன்பே 'எத்தனை பிழைக்கும்?' என்று பெண்கள் கேட்பதன் காரணம் இதுவே. ஏற்பதா மறுப்பதா என்பது பெரும்பாலும் இந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் விடையில் அடங்கியிருக்கிறது.

வெள்ளைக்கோழி கற்பித்தது

புதிய இனம் கிராமத்துக்குச் செல்வது இன்று தொடங்கிய செயல் அன்று. 1950, 1960 ஆம் ஆண்டுகளில் வட்டார வளர்ச்சித் திட்டங்கள் வழியாகவும், யூனிசெப் உதவியோடு நடந்த ஊட்டச்சத்துத் திட்டத்தின் வழியாகவும் வெள்ளை லெகார்ன், ரோட் ஐலண்ட் ரெட் முதலிய மேல்நாட்டு இனங்கள் ஊர்களுக்கு அனுப்பப்பட்டன. நோக்கம் நல்லது. கோழியும் நல்ல கோழியே. இடந்தான் பொருந்தவில்லை.

வெள்ளை லெகார்னின் இறகு வானத்தில் வட்டமிடும் பருந்துக்கு நெடுந்தொலைவிலிருந்தே தெரியும். அது அடைக்கு அமர்வதில்லை. உடல் சிறுத்த இனமாதலால் முட்டை ஓய்ந்தபின் கறிக்கு நல்ல விலை போகாது. சரிவிகிதத் தீவனம் கொடுத்தால்தான் முட்டை கொட்டும். குப்பைமேட்டை நம்பி விட்டால் நாட்டுக்கோழியோடு போட்டியிட முடியாமல் பின்தங்கும். பிற்காலத்தில் அதே வெள்ளைக்கோழி நாமக்கல் பண்ணைகளில் கூண்டும் தீவனமும் தடுப்பூசியும் கிடைத்தபோது தன் திறமையைக் காட்டியது. ஆக, தவறு கோழியிடமும் இல்லை, அதனைக் கைவிட்ட குடும்பங்களிடமும் இல்லை.

சேவல் மாற்றுத் திட்டமும் அக்காலத்ததே. ஊரில் உள்ள நாட்டுச் சேவலை நீக்கிவிட்டு உயரினச் சேவலை விட்டால், பிறக்கும் குஞ்சுகள் எல்லாம் கலப்பினமாகும் என்பது கருத்து. தாளில் இதில் குறை காண முடியாது. ஆனால் ஊரில் சேவல் இனவிருத்திக்கு மட்டும் வளர்வதில்லை. குலதெய்வத்துக்கு நேர்ந்து விட்ட சேவல் இருக்கும். அதனை எவரும் தரமாட்டார். ஆடிக்கு விற்பதற்கென்று வளரும் சேவல் இருக்கும். கோழிகளுக்கோ வேலி கிடையாது. நாற்பது வீடுகளில் நான்கு வீட்டார் தம் சேவலை வைத்துக்கொண்டாலும் அவை தெரு முழுவதும் சுற்றி வரும். முற்றம் அறிந்த நாட்டுச் சேவல், புதிதாக வந்த கனத்த சேவலை விரட்டியும் விடும். தனி ஒரு வீடு மட்டும் முடிவு செய்து பயனடையக்கூடிய முறையாக அது இல்லை. ஊரே ஒன்றுபட்டால்தான் பலன் என்ற நிலையில், முதல் அடி எடுத்து வைக்க எவருக்கும் காரணம் இருக்கவில்லை.

நிறம் சிறு செய்தி அன்று

பின்னர் வந்த ஆராய்ச்சியாளர்கள் வேறு வழியில் சென்றனர். கிராமத்தைக் கோழிக்கேற்ப மாற்றுவதை விட்டு, கோழியைக் கிராமத்துக்கேற்ப மாற்ற முயன்றனர். பெங்களூரு கால்நடை மருத்துவக் கல்லூரியில் கிரிராஜா உருவானது. ஐதராபாத் இராஜேந்திரநகரில் உள்ள கோழி ஆராய்ச்சி இயக்ககம் கறி, முட்டை இரண்டுக்கும் ஏற்ற வனராஜாவையும், முட்டைக்கு முதலிடம் தரும் கிராமப்பிரியாவையும் கொடுத்தது. உத்தரப்பிரதேசம் இசத்நகரில் உள்ள மத்தியப் பறவையின ஆராய்ச்சி நிலையம் அசீல் இனத்தைக் கலந்து நிர்பீக் என்பதையும், கடக்நாத்தைக் கலந்து சியாமா என்பதையும், கழுத்தில் இறகில்லாத கிராப்புக்கோழியைக் கலந்து ஹிட்காரி என்பதையும் உருவாக்கியது. சென்னை நந்தனத்தில் இருந்த கோழியின ஆராய்ச்சி நிலையத்திலிருந்து நந்தனம் கோழி வந்தது. கிராப்புக்கோழியைத் தேர்ந்ததில் ஒரு நுட்பம் உண்டு. இறகு குறைவாதலால் உடற்சூடு எளிதில் வெளியேறுகிறது; கோடை வெயிலை அது மற்றக் கோழிகளைவிட நன்றாகத் தாங்கும்.

இவ்வினங்கள் பலவற்றுக்கும் பொதுவான பண்பு பல வண்ண இறகும் பழுப்பு நிற முட்டையும் ஆகும். நிறத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். சந்தையில் கேட்டால் தெரியும். வெள்ளை இறகு உள்ள கோழியைக் கண்டால் வாங்குபவர் 'பிராய்லர்' என்று முகத்தைத் திருப்பிக் கொள்வார். வெள்ளை முட்டைக்குக் கடை விலைதான் கிடைக்கும். பழுப்பு முட்டை 'நாட்டு முட்டை' என்று கூடுதல் விலைக்குப் போகும். கோயிலுக்குச் சிவப்புச் சேவல் வேண்டும் என்பாரும், கருங்கோழி வேண்டும் என்பாரும் உண்டு; வெள்ளை வேண்டும் என்று கேட்பவர் அரிது. செங்காவி, கருமை, புள்ளி, சாம்பல் நிறங்கள் புதர் நிழலில் கலந்து மறைவதால் பருந்தின் கண்ணுக்கும் எளிதில் தப்பும்.

வங்காளதேசத்தில் 'சோனாலி' என்னும் கோழி பெரிதும் பரவியதற்கும் இதனை ஒத்த காரணம் உண்டு. ரோட் ஐலண்ட் ரெட் சேவலையும் எகிப்து நாட்டு ஃபயூமி பெட்டையையும் சேர்த்துப் பெற்ற கலப்பினம் அது. தோற்றத்திலும் கறியின் இறுக்கத்திலும் உள்ளூர்க் கோழியை ஒத்திருப்பதால் சந்தையில் தனி மதிப்புப் பெற்றது.

ஆயினும் வியாபாரிகளை ஏமாற்றிவிடலாம் என்று எண்ண வேண்டாம். சைக்கிளில் கூடை கட்டி வரும் கோழி வியாபாரி காலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்து, கால் தடிப்பையும் நெஞ்சுச் சதையையும் அமுக்கிப் பார்த்து, இது அசல் நாட்டுக்கோழியா கலப்பா என்று சொல்லிவிடுவார். கலப்புக்கு அவர் தரும் கிலோ விலை நாட்டுக்கோழியை விடச் சற்றுக் குறைவு, பிராய்லரை விட அதிகம். எடை கூடுதலாக நிற்பதால் மொத்தத்தில் கட்டி வரும் என்று கணக்கிடுபவர் புதிய இனத்தை வைத்துக் கொள்கின்றனர். கோயில் கொடைக்கும் மாப்பிள்ளை விருந்துக்கும் தனித்தனியாக விற்பவர், அசல் கோழியே போதும் என்கின்றனர். இரு சாராரும் தத்தம் சந்தைக்கேற்பச் சரியாகவே முடிவு செய்கின்றனர்.

அடை காக்காத கோழி

முட்டை பெருகவேண்டுமானால் அடைக்குணம் குறைய வேண்டும். அடையில் அமர்ந்த கோழி முட்டையிடாது என்பதால், அதிக முட்டை இடும் கோழிகளையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியபோது அடைக்குணமும் கூடவே தேய்ந்தது. ஆகவே புதிய இனங்கள் அடைக்கு அமர்வது அரிது. முட்டை விற்பவருக்கு இது நன்மை. குஞ்சு வேண்டுபவருக்கு இது பெருங்குறை.

இதற்குப் பெண்கள் கண்ட வழி எளிது. புதிய கோழியின் முட்டைகளைச் சிறுவிடைக் கோழியின் அடியில் வைக்கின்றனர். எவரும் பயிற்சி கொடுத்து வந்த வழக்கம் அன்று இது. ஆனால் பெரிய முட்டைகளாதலால் சிறிய தாய்க்கோழியின் கீழ் எட்டு, ஒன்பதுக்கு மேல் வைத்தல் ஆகாது. ஓரத்து முட்டைகள் சூடு பெறாமல் கூமுட்டையாகும்.

இங்கே மற்றொரு செய்தியையும் அறிந்து கொள்ளுதல் வேண்டும். வனராஜா போன்றவை வெவ்வேறு பெற்றோர் வரிசைகளைச் சேர்த்துப் பெறப்பட்டவை. அவற்றைத் தமக்குள் சேரவிட்டுப் பெறும் அடுத்த தலைமுறை தாயைப்போல் இராது. சில பருக்கும், சில சிறுக்கும், முட்டையும் குறையும். வீரிய ஒட்டு விதையைப் போன்றதே இதுவும். முழுப் பலன் வேண்டுவோர் ஒவ்வொரு முறையும் குஞ்சை வெளியிலிருந்து வாங்குதல் வேண்டும். இதனை விற்கும்போதே சொல்லாமல் விடுவதால், 'முதல் வருசம் நல்லா இருந்தது, அடுத்த வருசம் ஏமாத்திருச்சு' என்ற பேச்சு ஊரில் எழுகிறது.

வீரிய ஒட்டு விதையைப் பற்றிய பழைய ஆராய்ச்சி ஒன்று இவ்விடத்தில் நோக்கத்தக்கது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒட்டு மக்காச்சோளம் பரவிய விதத்தை ரயன், கிராஸ் என்னும் இரு அறிஞர்கள் ஆராய்ந்து 1943 இல் வெளியிட்டனர். இரண்டு ஊர்களைச் சேர்ந்த 259 விவசாயிகளில் இருவர் தவிர அனைவரும் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் அந்த விதைக்கு மாறியிருந்தனர். விதையைப் பற்றி அவர்கள் முதலில் கேள்விப்பட்டது பெரும்பாலும் விற்பனையாளரிடமிருந்து. ஆனால் முடிவு செய்ய உதவியதோ பக்கத்து நிலத்துக்காரரின் பேச்சு. முதல் ஆண்டில் எவரும் நிலம் முழுவதும் விதைத்துவிடவில்லை. ஒரு மூலையில் விதைத்துப் பார்த்துப் பின்னரே விரித்தனர். ஆண்டுதோறும் விதை வாங்கவேண்டும் என்பதும் தடையாகவில்லை. விதைக்காரர் ஊருக்கே வந்தார்.

கோழிக்கு இந்த வசதிகள் எளிதில் அமைவதில்லை. சோளத்தை ஒரு மூலையில் விதைக்கலாம். கோழியை ஒரு மூலையில் நிறுத்த முடியாது. வெளியிலிருந்து வந்த பத்துக் குஞ்சு நோயோடு வந்தால் வீட்டில் உள்ள பழைய கோழிகளும் சேர்ந்து போகும். விதை மூட்டையில் ஆறு மாதம் காத்திருக்கும். ஒரு நாள் வயதுக் குஞ்சு அவ்வாறு காத்திராது. ஆகவே குஞ்சு எங்கிருந்து, எந்த வயதில், எவர் கையால் வருகிறது என்பது இனத்தின் பெயரைவிடப் பெரிய செய்தி ஆகிறது.

குஞ்சின் வயது

ஒரு நாள் வயதுக் குஞ்சுக்கு இறகு இல்லை. முதல் மூன்று நான்கு வாரம் வெளிச்சூடு வேண்டும். குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் வீதம் மின்விளக்கு, தகட்டுத் தடுப்பு, காய்ந்த உமி, குஞ்சுத் தீவனம், இரவில் எழுந்து பார்க்க ஓர் ஆள் இவ்வளவும் தேவை. மின்சாரம் ஒரு மழை இரவில் நின்றால் குஞ்சுகள் சூட்டுக்காக ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெரிந்து சாகும். களையெடுக்கக் காலையில் போய் மாலையில் திரும்பும் பெண்ணால் இதனைச் செய்ய இயலாது. ஒரு நாள் குஞ்சுகளை வழங்கிய இடங்களில் புதிய இனம் நிலைக்காமல் போனதற்கு இதனைவிடப் பெரிய காரணம் தேடவேண்டியதில்லை.

நான்கு முதல் ஆறு வாரம் வரை வேறோர் இடத்தில் வளர்த்து, தடுப்பு மருந்து கொடுத்து, இறகு முளைத்தபின் கொடுத்தால் நிலைமை மாறிவிடுகிறது. மத்திய அரசு 2009-10 இல் தொடங்கிய ஊரகப் புறக்கடைக் கோழி வளர்ப்புத் திட்டம் இதனை உணர்ந்தே அமைக்கப்பட்டது. 'தாய் அலகு' எனப்படும் வளர்ப்பகங்களில் நான்கு வாரம் வரை வளர்த்த குஞ்சுகளை, வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துக்கு 45 வீதம் தவணைகளாக வழங்கியது அத்திட்டம். தனியார் துறையிலும் எடுத்துக்காட்டு உண்டு. வினோத் கபூர் தொடங்கிய கெக்ஃபார்ம்ஸ் நிறுவனம் 1990 களில் 'குராய்லர்' என்னும் வண்ணக் கோழியை வெளியிட்டது. சிறு வளர்ப்பகங்கள் குஞ்சுகளைச் சில வாரம் வளர்த்துத் தடுப்பூசி போட்டு, சைக்கிள் வியாபாரிகளிடம் கொடுத்தன. அவர்கள் மேற்கு வங்கம், ஒடிசா, ஜார்க்கண்ட் ஊர்களில் வாசல் வாசலாகச் சென்று, ஒரு வீட்டில் இரண்டு, மற்றொரு வீட்டில் ஐந்து என்று விற்றனர். குராய்லர் பரவியதில் அதன் இனத் தரத்துக்கு எவ்வளவு பங்கோ, அந்த சைக்கிளுக்கும் அவ்வளவு பங்கு உண்டு எனலாம். இரண்டு குஞ்சு வாங்கிச் சோதித்துப் பார்க்க முடிந்தது. செத்தால் நட்டம் சிறிது. பிழைத்தால் அடுத்த மாதம் அதே ஆள் வருவார்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் இதற்கு நிகரான பழைய முறை ஒன்று உண்டு. அதுவே வாரம். கோழி உடையவர் ஒரு பெட்டையை மற்றொரு வீட்டில் விடுவார். வளர்ப்பவரும் உடையவரும் குஞ்சுகளைப் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொள்வர். புதிய இனத்தின் முட்டைகளும் குஞ்சுகளும் இவ்வழியே உறவுக்காரர் வீடுகளுக்குப் போய்ச் சேர்வதைக் காணலாம். கைப்பணம் போடாமல் சோதனை செய்ய இதனைவிட நல்ல வழி இல்லை. திட்டம் தீட்டுவோர் இதனைக் கணக்கில் சேர்ப்பது அரிது.

வெள்ளைக்கழிச்சல் என்னும் நடுவர்

எவ்வளவு நல்ல இனமானாலும் வெள்ளைக்கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோய் ஒரே வாரத்தில் முற்றத்தைத் துடைத்துவிடும். கோடை தொடங்கும் மாசி, பங்குனியில் இது மிகுதி. நாட்டுக்கோழி இந்நோய்க்குத் தப்பும் என்பது தவறான நம்பிக்கை. தடுப்பூசி போடாத நாட்டுக்கோழியும் சாகும். வேறுபாடு என்னவெனில், நாட்டுக்கோழி செத்தால் 'சீக்கு வந்தது' என்பர். புதிய கோழி செத்தால் 'இந்த இனமே ஆகாது' என்பர். ஒரு தெருவில் நான்கு வீட்டார் வாங்கிய குஞ்சுகள் ஒரே வாரத்தில் செத்தால், அந்தத் தெருவில் சில ஆண்டுகளுக்கு எவரும் அந்தப் பெயரைக் கேட்கவும் விரும்பமாட்டார்.

ஆகவே தடுப்பூசி கிடைக்கும் ஊரில்தான் புதிய இனம் நிலைக்கிறது என்று சொன்னால் மிகையாகாது. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாம் வாரத்தில் இறக்கையின் தோலுக்கடியில் ஊசி என்பது முறை. இதில் ஒரு சிக்கல் உண்டு. ஊசி மருந்துக் குப்பி ஒன்று நூறு, இருநூறு கோழிகளுக்கு ஆனது. கரைத்தபின் வைத்திருக்க இயலாது. வீட்டுக்குப் பத்துக் கோழி உள்ள ஊரில் இருபது வீட்டார் ஒரே காலையில் கோழிகளைப் பிடித்து வைத்தால்தான் குப்பி வீணாகாது. கூண்டைத் திறந்து விடுமுன், விடியற்காலையில் ஊசி போடவேண்டும். பிறகு மரத்தில் ஏறிய கோழியைப் பிடிப்பது யார்? மகளிர் குழுக்கள் உள்ள ஊரில் இது எளிதாக நடக்கிறது. ஊசிக்கு மாற்றாக, வாய்வழி உட்கொள்ளும் குருணை வடிவத் தடுப்பு மருந்தைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியதும் இச்சிக்கலைக் கருதியே.

எத்தனை கோழிக்கு முற்றம் தாங்கும்?

நாட்டுக்கோழி ஐந்தாறு மேய்ந்த இடத்தில் புதிய கோழி இருபதை விட்டால் மேய்ச்சல் போதாது. எடை கூடிய கோழிக்குத் தீனியும் கூடுதல் வேண்டும். மேய்ச்சலுக்குமேல் நாளொன்றுக்குக் கோழிக்கு 30 முதல் 50 கிராம் வரை நொய், கம்பு, தவிடு கலந்து கொடுத்தால் முட்டை நிற்காது. கொடுக்காவிட்டால், சொன்ன முட்டையில் பாதியும் வராது. அப்போது 'புளுகினார்கள்' என்ற பேச்சு வரும். மறுபுறம், கறிக்கோழித் தீவனத்தை வாரி இறைத்தால் பெட்டைகள் கொழுத்து முட்டை குறையும். ஆறு மாதத்தில் வனராஜாப் பெட்டை இரண்டரைக் கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

கரையான் வளர்த்துக் கொடுப்பதைப் பழைய ஆட்கள் அறிவர். உடைந்த பானையில் கிழிந்த சாக்கையும் காய்ந்த சாணத்தையும் திணித்து, நீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால் காலையில் பானை நிறையக் கரையான் இருக்கும். முப்பது நாற்பது குஞ்சுகளுக்கு ஒரு நேரப் புரதம் காசில்லாமல் கிடைத்துவிடும். செம்மண் பகுதிகளில் இது நன்றாகப் பலிக்கும். ஈரக் களிமண்ணில் அவ்வளவாகப் பலிக்காது.

முடிவு செய்பவர் யார்?

கோழி வீட்டில் பெண்ணின் சொத்து. முட்டைக் காசு அவளுடைய சிறுவாட்டுப் பணம். உப்பு, சோப்பு, பிள்ளையின் நோட்டுப் புத்தகம், உடன்பிறந்தவன் வீட்டு விசேடத்துக்கு மொய் ஆகியவை அதிலிருந்து வருபவை. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. புதிய இனத்தை ஏற்பதில் இதற்குள்ள பங்கை வெளியார் எளிதில் காண்பதில்லை.

ஐந்து கோழி பதினைந்து ஆகும்போது தீவனம் வாங்க ரொக்கம் வேண்டும். இரவில் அடைக்கக் கூண்டு வேண்டும். கூண்டுக்கு மரமும் கம்பிவலையும் ஆளும் வேண்டும். கனத்த கோழி பழைய கோழியைப்போல் முருங்கை மரத்தில் ஏறித் தப்பாது. பஞ்சாரத்திலும் அத்தனையும் அடங்கா. இவற்றுக்கெல்லாம் கணவனைக் கேட்க வேண்டி வருகிறது. பணம் போட்டவர் வரவையும் கேட்பார். சிறுவாடாக இருந்தது வீட்டு வரவாக மாறிவிடும் என்று தோன்றினால், பெண் வாய்விட்டுச் சொல்லாமலே கோழிகளின் எண்ணிக்கையைக் குறைத்து விடுவாள். 'ஆர்வம் குறைந்தது' என்று அறிக்கை எழுதப்படும். பயிற்சி முகாமில் நாற்காலிகளில் ஆண்கள் அமர்ந்திருக்க, கோழிக்குத் தீனி வைப்பவள் வீட்டில் இருக்கிறாள் என்ற நிலை பல ஊர்களில் இன்றும் தொடர்கிறது. இது மாறாதவரை எந்த இனத்தையும் குறை சொல்வதற்கில்லை.

பாதி ஏற்பது

பல வீடுகளில் இறுதியில் நடப்பது முழு மாற்றம் அன்று. மூன்று சிறுவிடைப் பெட்டைகளும் ஐந்தாறு புதிய பெட்டைகளும் கூடி மேய்கின்றன. புதியவை முட்டைக்கும் எடைக்கும். பழையவை அடைக்கும் குஞ்சு வளர்ப்புக்கும். இலக்குக் கணக்கில் இது அரைகுறை எனப்படலாம். சிறு குடும்பத்துக்கு இதனைவிடப் பொருத்தமான அமைப்பைச் சொல்ல இயலாது.

ஓர் எச்சரிக்கை மட்டும் வேண்டும். புதிய சேவல்களே முற்றத்தில் நின்றால், சில தலைமுறைகளில் சிறுவிடையின் அடைக்குணம் கலப்பில் கரைந்துவிடும். பிறகு முட்டை வைக்க அடைக்கோழியை எந்தக் கடையில் வாங்குவது? ஆகவே இனவிருத்திக்கு நாட்டுச் சேவலையே வைத்துக்கொண்டு, புதிய சேவல்களைப் பருவம் வருமுன் விற்றுவிடுதல் நல்லது.

வாங்க எண்ணுவோர் கவனத்துக்கு

முதன்முறை ஐந்து அல்லது பத்துக் குஞ்சுகள் போதும். நான்கு வாரத்துக்குக் குறைந்த வயதில் வாங்க வேண்டாம். சொட்டு மருந்து போட்டாயிற்றா, எந்த நாளில் என்று கேட்டுக் குறித்துக் கொள்ளவும். செத்தால் மாற்றுக் குஞ்சு உண்டா, அடுத்த முறை குஞ்சு எப்போது கிடைக்கும் என்றும் கேட்கவும். விடை தெளிவாக இல்லையெனில் வேறு இடம் பார்க்கலாம். கொண்டு வந்ததும் இரண்டு வாரம் பழைய கோழிகளோடு சேர விடாமல் தனியே வைக்கவும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை மாதம் குஞ்சு வாங்க ஏற்றது. அப்போது நான்கு வாரக் குஞ்சாக வந்தால், கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரியில் நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் முடிவதற்குள் பெரும்பாலும் எட்டு வாரம் நிறைந்துவிடும். பருவம் தவறினால் அருகில் உள்ள கால்நடை மருந்தகத்தில் கேட்டுத் தெருவாருடன் சேர்ந்து நாள் குறித்துக் கொள்ளலாம். அவ்வாறு ஊசி போட்ட சேவல்கள் சித்திரை, வைகாசிக் கோயில் கொடைகளுக்கு விலைக்கு நிற்கும். பெட்டைகள் ஆடி வாக்கில் முதல் முட்டை இடும். முதல் பத்து முட்டைகள் சிறியவையாக இருக்கும். அவற்றை அடைக்கு வைக்காமல் குழந்தைகளுக்குக் கொடுத்து விடலாம்.